‘கடுப்பா இருக்கு’ என்பதற்குள் என்ன இருக்கிறது? உணர்ச்சி, வேலை, மகிழ்ச்சி பற்றி ஓர் எளிய அறிமுகம்

வேலை எப்படிப் போகிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். ‘ஒரே டென்ஷன்’, ‘கடுப்பா இருக்கு’, ‘போர் அடிக்குது’, ‘ஏதோ போகுது’. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் பதிலாக வரும். அதே ஆளிடம் அவர் பார்க்கும் வேலையைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் நுணுக்கமாகப் பேசுவார். எந்தப் பிழை எங்கிருந்து வந்தது, எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்காது, எல்லாம் விரல்நுனியில் இருக்கும். தன் மனதுக்குள் நடப்பதைச் சொல்லத்தான் நான்கு வார்த்தை போதும் என்று இருந்துவிடுகிறோம்.

வேலையிலும் வாழ்க்கையிலும் மகிழ்ச்சியாக இருக்க என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மகிழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் கோபமும் சலிப்பும் பயமும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். எது குறைகிறது என்றே தெரியாமல் மகிழ்ச்சியைத் தேடப் போனால், சம்பளம்தான் பிரச்சினை என்று நினைத்து வேலை மாறுவோம். புது இடத்திலும் ஆறு மாதத்தில் அதே கடுப்பு வந்து உட்காரும். உண்மையில் குறைந்தது சம்பளமாகவே இருந்திருக்காது.

உணர்ச்சி எப்படி உண்டாகிறது

இரவு ஒன்பதரை மணி. மேலாளரிடமிருந்து போனில் ஒரு வரி வருகிறது: ‘நாளைக் காலை வந்ததும் என்னைப் பார்க்கவும்.’ அவ்வளவுதான் செய்தி. படித்து முடிப்பதற்குள் வயிற்றில் ஏதோ பிசைகிறது. நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை லேசாக ஈரமாகிறது. ‘போன வாரம் அனுப்பிய அறிக்கையில் தப்பு கண்டுபிடித்துவிட்டாரோ’ என்று மனம் ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவர் கேட்டதற்கு எரிந்து விழுகிறோம். அப்புறம் தூக்கம் வரவில்லை.

இதில் எத்தனை விஷயங்கள் இருக்கின்றன பாருங்கள். வெளியில் ஒன்று நடந்தது. உடம்பு அதற்குப் பதில் சொன்னது. மனம் ஒரு அர்த்தம் கற்பித்தது. கடைசியில் நாம் ஒன்றைச் செய்தோம். இந்த நான்கும் சேர்ந்ததைத்தான் உணர்ச்சி என்கிறோம். ஆனால் இவை அரை நொடிக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், ‘மேலாளர் என்னைப் பயமுறுத்திவிட்டார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மேலாளர் அனுப்பியது ஒரு வரி மட்டும்தான். அதே வரி, நேற்றுத்தான் பாராட்டு வாங்கிய இன்னொருவருக்குப் போயிருந்தால் அவர் ‘புரமோஷன் செய்தியாக இருக்குமோ’ என்று படபடத்திருப்பார். படபடப்பு ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு.

உடம்புக்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவைப் பற்றி உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் ஒரு கட்டுரை எழுதினார். பயந்ததால் நடுங்குகிறோம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் உடம்பு நடுங்குவதை உணர்வதுதான் பயம் என்பது அவர் வாதம். இதை அப்படியே ஏற்றுக்கொள்பவர்கள் இன்று குறைவு. ஆனாலும் உடம்பை விட்டுவிட்டு உணர்ச்சியைப் பேச முடியாது என்பதை அவருக்குப் பின் வந்த பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

உடம்பு தரும் குறிப்பை மனம் தப்பாகப் படிப்பதும் உண்டு. கனடாவில் கப்பிலானோ ஆற்றின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. கீழே சுமார் 70 மீட்டர் ஆழம். 1974-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அந்தப் பாலத்தில் வந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டு, மேலும் விவரம் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அசையாத, தாழ்வான இன்னொரு பாலத்திலும் இப்படியே செய்தார்கள். பிறகு அவரைக் கூப்பிட்டவர்கள் பெரும்பாலும் ஆடும் பாலத்தில் வந்தவர்கள்தான். பாலம் தந்த படபடப்பை அந்தப் பெண் மேல் வந்த ஈர்ப்பு என்று மனம் எடுத்துக்கொண்டது என்பது டட்டன், ஆரோன் இருவரும் தந்த விளக்கம். சிறிய ஆய்வுதான், அதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் காலையில் சாப்பிடாமல் வந்து, மூன்று காபி குடித்துவிட்டு, எதிரில் இருப்பவர் மேல் ‘காரணத்தோடுதான்’ கோபப்படுவதாக நம்பும் எவருக்கும் இது அந்நியமான விஷயமாக இருக்காது.

தூக்கமும் இப்படித்தான். 2007-இல் நடந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களின் அமிக்டலா, நன்றாகத் தூங்கியவர்களுடையதைவிட 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்தது. மூளைக்குள் பாதாம் கொட்டை அளவில் இருக்கும் அமிக்டலாதான் ஆபத்து என்றதும் முதலில் விழித்துக்கொள்ளும் பகுதிகளில் ஒன்று. எனவே ‘இந்த வேலையே வேண்டாம்’ என்ற முடிவு இரவு இரண்டு மணிக்குத் தோன்றினால், அதை மறுநாள் தூங்கி எழுந்தபின் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொன்றும் ஒரு செய்தி

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். பெயர்ப் பட்டியலோடு அது நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறது. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உறுப்பை அறுப்பது, குடும்பத்தையும் சார்ந்தவர்களையும் துன்புறுத்துவது, வைதும் அடித்தும் வதைப்பது, கொல்வது. நான்கையும் சேர்த்துப் பார்த்தால், ‘என்னுடையது’ என்று நான் காப்பதன் மேல் ஒருவர் கை வைக்கும்போது கோபம் பிறக்கிறது என்பது தெரிகிறது.

ஆபீஸில் யாரும் உறுப்பை அறுப்பதில்லை. ஆனால் நம் நேரத்தில் கை வைப்பார்கள், உழைப்பில், மரியாதையில் கை வைப்பார்கள். கோபம் வந்தால் ‘எதன் மேல் கை வைத்தார்கள்’ என்று கேளுங்கள், பாதி தெளிந்துவிடும். பயம் வந்தால், எதை இழந்துவிடுவேன் என்று நினைக்கிறேன் என்பது கேள்வி. துக்கம், இழந்துவிட்டதைக் காட்டுகிறது. குற்ற உணர்வு, நாமே வைத்துக்கொண்ட ஒரு நெறியை நாமே மீறியதைக் காட்டுகிறது.

பொறாமையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒளித்துவைக்கும் உணர்ச்சி அது. ‘எனக்கெல்லாம் பொறாமை கிடையாது’ என்று முதலில் மறுத்துவிடுவதால், அது சொல்ல வந்த செய்தி வீணாகிறது. ஊரில் எத்தனையோ பேர் முன்னேறுகிறார்கள், எல்லார் மேலும் நமக்குப் பொறாமை வருவதில்லையே. கார் வாங்கியவரைப் பார்த்து ஒன்றும் தோன்றாமல், வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு இசை கற்கப் போனவரைப் பார்த்து மட்டும் உள்ளே சுருக்கென்று குத்தினால், நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது அங்கே தெரிகிறது. எத்தனை ஆலோசகர்களிடம் போனாலும் இவ்வளவு நேர்மையான பதில் கிடைக்காது.

சலிப்பும் அப்படித்தான், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டி அனுப்பிவிடுகிறோம். ஒரு வேலை நம் திறமைக்கு மிகவும் எளிதாக இருந்தாலும் சலிப்பு வரும். எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்தாலும் வரும். முதல் வகைக்கு மருந்து, கடினமான வேலை கேட்டு வாங்குவது. இரண்டாம் வகைக்கு, அந்த வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது, அவருக்கு அதனால் என்ன பயன் என்று தெரிந்துகொள்வது. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். அர்த்தமே தெரியாத வேலையில் இன்னும் இரண்டு பங்கு கடினமான வேலையைக் கேட்டு வாங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரியான பெயரைக் கண்டுபிடிப்பது

ஒரு மீட்டிங். மூன்று வாரமாக நீங்கள் செய்த ஆய்வை உங்கள் குழுவில் இருக்கும் ஒருவர் எடுத்துப் பேசுகிறார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் பாராட்டுகிறார்கள். நீங்களும் கை தட்டுகிறீர்கள். வெளியே வந்ததும் நண்பரிடம் சொல்வது: ‘செம கடுப்பா இருக்கு.’

இந்தக் கடுப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அவர் மேல் கோபமா? இருக்கலாம். ‘நான் ஏன் எழுந்து சொல்லவில்லை’ என்று தன் மேலேயே எரிச்சலா? எல்லார் முன்னும் இல்லாதவராக ஆகிவிட்ட அவமானமா? அவரை நண்பர் என்று நினைத்திருந்ததால் வந்த ஏமாற்றமா? அவர் அவ்வளவு அழகாகப் பேசிவிட்டாரே என்ற பொறாமையா? ஒவ்வொன்றுக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேறு. கோபம் என்றால் அவரிடமே தனியாகப் பேச வேண்டும். தன் மேல் எரிச்சல் என்றால், அடுத்த முறை ‘இதில் நான் செய்த பகுதியைப் பற்றி ஒரு நிமிடம் சொல்கிறேன்’ என்று சொல்லப் பழக வேண்டும். ஏமாற்றம் என்றால் நட்பைப் பற்றிப் பேச வேண்டும். பொறாமை என்றால் பேசும் கலையைக் கற்கலாம், அவரிடமிருந்தேகூட. கடுப்பு என்று மட்டும் வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குப் போய் வேறு யார் மேலோ காட்டத்தான் முடியும்.

பெயர் வைப்பதால் மூளையிலும் மாற்றம் தெரிகிறது. மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமாகவும் பயமாகவும் இருக்கும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் கிளர்ச்சி குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை கூடியது. லிசா ஃபெல்ட்மன் பேரட் போன்ற ஆய்வாளர்கள், தங்கள் உணர்ச்சிகளை நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அவற்றை நன்றாகக் கையாளுகிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு வார்த்தையால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் மருத்துவரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவரால் என்ன மருந்து கொடுக்க முடியும்?

அடக்குவதும் கொட்டுவதும்

உணர்ச்சியை அடக்கத் தெரிந்தவரே பக்குவமானவர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் இதை நீண்ட காலம் ஆராய்ந்தவர். உள்ளே இருப்பதை முகத்தில் காட்டாமல் அடக்கும்போது வெளியில் அமைதி தெரிந்தாலும் உடம்பின் பதற்றம் குறைவதில்லை, பல நேரம் கூடுகிறது. அடக்கும் வேலையிலேயே கவனம் போய்விடுவதால், அந்த நேரத்தில் எதிரில் பேசியவர் என்ன சொன்னார் என்பதும் சரியாக நினைவில் நிற்பதில்லை. முக்கியமான மீட்டிங்கில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு இது நன்றாகவே தெரியும்.

அப்படியானால் கொட்டித் தீர்த்துவிடலாமா? அதுவும் உதவவில்லை. பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை, தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தச் சொன்னார்கள். ஒன்றும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது.

கிராஸ் ஆய்வுகளில் அடக்குவதைவிட நன்றாக வேலை செய்தது, நடந்ததை வேறு விதமாகப் பார்க்க முடியுமா என்று தொடக்கத்திலேயே யோசிப்பது. இரவு வந்த அந்த ஒரு வரிச் செய்தியை எடுத்துக்கொள்வோம். ‘தப்பு கண்டுபிடித்துவிட்டார்’ என்பது ஓர் அர்த்தம். ‘நாளைய மீட்டிங்கிற்கு ஏதோ விவரம் வேண்டியிருக்கிறது’ என்பதும் அர்த்தம்தான். இரண்டில் எதற்கு ஆதாரம் இருக்கிறது? இரண்டுக்குமே இல்லை என்றால், ஆதாரம் வரும்வரை முதலாவதை நம்ப வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதை நான் இங்கே சொல்லவில்லை. உங்கள் உழைப்பை ஒருவர் திருடினால் அது திருட்டுத்தான். அதை ‘அவருக்கும் ஏதோ கஷ்டம்’ என்று மாற்றிப் படித்து அமைதியடைவது நல்லதல்ல.

மகிழ்ச்சி என்று எதைச் சொல்கிறோம்

இரண்டு வேறு விஷயங்களுக்கு நாம் மகிழ்ச்சி என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறோம். இந்த நிமிடம் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. மொத்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. சின்னக் குழந்தையை வளர்ப்பவரைக் கேட்டால், இந்த நிமிடம் தூக்கமில்லை, எரிச்சல், களைப்பு. வாழ்க்கை எப்படி என்று கேட்டால் நிறைவு. இரண்டுமே உண்மை.

பணத்தைப் பற்றிய சர்ச்சையும் இதைப் பிரிக்காமல் புரியாது. டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் 2010-இல், அமெரிக்காவில் ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மனநிலை மேலும் உயரவில்லை என்றும், வாழ்க்கையைப் பற்றிய மதிப்பீடு மட்டும் தொடர்ந்து உயர்ந்தது என்றும் எழுதினார்கள். 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் வேறு தரவுகளோடு வந்து, அன்றாட மனநிலையும் உயர்ந்துகொண்டே போகிறது என்றார். கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சண்டை போடாமல், பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு சேர்ந்து ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது. ஆனால் மிகவும் மகிழ்ச்சி குறைந்த சுமார் 20 சதவீதம் பேருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் பணம் உதவவில்லை. பிரிவு, நோய், தனிமை போன்ற துன்பங்களை வருமானம் ஓரளவுக்குத்தான் தணிக்கிறது. ‘பணத்தில் என்ன இருக்கிறது’ என்று சொல்வதும் ‘பணம்தான் எல்லாம்’ என்பதும் இரண்டுமே தரவுகளோடு ஒத்துப்போகவில்லை.

பழகிப்போவது என்று ஒன்று இருக்கிறது. புது நாற்காலி, புது பதவி, புது வீடு, எல்லாம் சில மாதத்தில் பழகிவிடும். நல்லது நடந்தால் எவ்வளவு காலம் மகிழ்ச்சியாக இருப்போம், கெட்டது நடந்தால் எவ்வளவு காலம் நொறுங்கிக் கிடப்போம் என்று நாம் முன்கூட்டிப் போடும் கணக்கும் தப்பாகவே வருகிறது. டேனியல் கில்பர்ட், டிமோத்தி வில்சன் குழு 1998-இல் இதைப் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் பார்த்தது. நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் சில வருடங்களுக்கு மகிழ்ச்சி வெகுவாகக் குறைந்துவிடும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் சில வருடங்கள் கழித்துப் பார்த்தால், கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் மகிழ்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாமே பழகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. நீண்ட கால வேலையின்மை, கடுமையான உடல் ஊனம் போன்றவை பலரிடம் ஆறாத வடுவை விட்டுப்போகின்றன என்று பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. ‘நாளாக நாளாகச் சரியாகிவிடும்’ என்று எல்லாருக்கும் சொல்லும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வேலையில் நிறைவு எங்கிருந்து வருகிறது

பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் குழு 1959-இல், சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் வேலையில் மிக நன்றாக உணர்ந்த நேரத்தையும் மிக மோசமாக உணர்ந்த நேரத்தையும் விவரிக்கச் சொன்னது. கிடைத்த பதில்கள் ஒரு விசித்திரத்தைக் காட்டின. மோசமான நேரங்களில் பேசப்பட்டவை நிறுவனத்தின் விதிகள், மேலதிகாரியின் நடத்தை, வேலைச் சூழல், சம்பளம். நல்ல நேரங்களில் பேசப்பட்டவை சாதித்தது, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு, வளர்ச்சி. ஆக, வெறுப்பை நீக்குவதும் நிறைவைக் கொடுப்பதும் இரண்டு தனி வேலைகள். சம்பளத்தை உயர்த்தினால் அதிருப்தி போகும், அதனாலேயே மனம் நிறைந்துவிடாது. அவர் கோட்பாட்டை எதிர்த்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் இன்கிரிமென்ட் வந்த மாதமே மறுபடி கடுப்பு வருவது ஏன் என்பதற்கு இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

மறுபடி மெய்ப்பாட்டியலுக்கு ஒரு நிமிடம் போகலாம். உவகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் செல்வம் முதலில் வருகிறது. பணம் மகிழ்ச்சி தரும் என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறது. ஆனால் பெருமிதத்துக்குச் சொல்லும் நான்கு, கல்வி, தறுகண், இசைமை, கொடை. கற்றது, அஞ்சாமை, புகழ், கொடுத்தது. இந்த நான்கில் செல்வம் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது நிமிர்ந்து நடக்க வைப்பவை இவைதான்.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் மனதுக்கு மூன்று தேவைகளைச் சொன்னார்கள். எப்படிச் செய்வது என்பதில் என் விருப்பத்துக்கும் இடம் வேண்டும். இது எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு வேண்டும். கூட இருப்பவர்களோடு ஒட்டுதல் வேண்டும். உங்கள் வேலையை இந்த மூன்றின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். எது இல்லை என்பது உடனே தெரியும், அந்த இடத்தில்தான் உங்கள் கடுப்பும் இருக்கும்.

தெரேசா அமபிலி, ஸ்டீவன் கிராமர் இருவரின் ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். ஏழு நிறுவனங்களில் 238 பேர் தினமும் எழுதிய கிட்டத்தட்ட 12,000 நாட்குறிப்புகளைப் படித்தார்கள். நல்ல மனநிலையோடு இருந்த நாட்களில் அதிகம் காணப்பட்டது, அர்த்தமுள்ள வேலையில் ஒரு சிறு முன்னேற்றம். பெரிய வெற்றி எதுவும் இல்லை. தீராத ஒரு சிக்கல் தீர்ந்தது, அரைகுறையாக நின்ற ஒரு பகுதி முடிந்தது, அவ்வளவுதான். ஊழியர்களை உற்சாகப்படுத்துவது எது என்று மேலாளர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னபோது, முன்னேற்றத்துக்கு உதவுவதைக் கடைசியில் வைத்தார்கள். நாள் முழுக்க மெயிலுக்குப் பதில் போட்டே களைத்துப்போகிறவருக்கு ஏன் மனம் நிறையவில்லை என்பது இங்கே புரிகிறது. ஓடியது உண்மை, எதுவும் ஓர் அங்குலம் முன்னால் நகரவில்லை.

வேலையின் எல்லையைக் கொஞ்சம் நாமே திருத்திக்கொள்ளவும் முடியும். ஏமி ரெஸ்னியூஸ்கி என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசினார். சிலர், தரை துடைப்பதுதான் வேலை என்றார்கள். இன்னும் சிலர் நோயாளிகள் குணமடைவதில் தங்களுக்கும் பங்கு இருக்கிறது என்றார்கள். நினைவிழந்து கிடப்பவர்கள் இருந்த பிரிவில் ஒரு பணியாளர், சுவரில் இருந்த படங்களை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பாராம், ஏதாவது ஒரு மாற்றம் அவர்களைத் தொடாதா என்று. அது அவர் வேலைப் பட்டியலில் கிடையாது.

இதைச் சொன்னவுடன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில நிறுவனங்கள் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, ‘மகிழ்ச்சி உன் கையில்தான்’ என்று ஊழியர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டிவிடுகின்றன. அது அநியாயம். ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காகச் சிரிப்பதும் கோபத்தை விழுங்குவதும் ஒரு உழைப்பு என்றார். தொலைபேசியில் வசவு வாங்கிக்கொண்டு குரலில் புன்னகை குறையாமல் பேசுபவருக்கும், வார்டில் இருக்கும் செவிலியருக்கும், வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும் இந்த உழைப்பு உண்டு. எந்தச் சம்பளச் சீட்டிலும் அது தெரிவதில்லை. அதற்கும் ஓய்வு தேவை. அளவுக்கு மீறிய வேலை, அவமதிப்பு, பாரபட்சம் இருக்கும் இடத்தில் மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இப்படியே வருடக்கணக்கில் போனால் வருவதுதான் பணிச்சோர்வு. கிறிஸ்டினா மாஸ்லாக் அதில் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினார்: வற்றிப்போன களைப்பு, வேலையின் மேலும் மனிதர்கள் மேலும் ஒரு கசப்பு, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைத் தன் நோய் வகைப்பாட்டில், நோயாக இல்லாமல் வேலை சார்ந்த ஒரு நிலையாகச் சேர்த்தது. சமாளிக்கப்படாத நீண்ட கால வேலை அழுத்தம் காரணம் என்றது. நாலு நாள் விடுமுறை களைப்பைப் போக்கும், திரும்பி வந்த முதல் நாளே கசப்பு அதே இடத்தில் நிற்கும். அப்படி நின்றால் மாற வேண்டியது வேலையின் அமைப்பு.

வேலைக்கு வெளியே

ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் ஓர் ஆய்வு, நூற்றுக்கணக்கானோரின் முழு வாழ்க்கையைப் பின்தொடர்ந்திருக்கிறது. ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள் எண்பது வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். அந்த வயதின் கொலஸ்ட்ரால் அளவைவிட உறவின் நிறைவே இதை நன்றாகக் காட்டிக்கொடுத்தது. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-இல் 2,250 பேரின் போனில் எந்த நேரமும் கேள்வி அனுப்பிப் பார்த்ததில், விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் செய்யும் காரியத்தில் இல்லாமல் வேறெங்கோ அலைந்தது. அலையும்போது மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்தால், குழந்தை பள்ளிக் கதை சொல்லும்போது போனைக் கவிழ்த்து வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மகிழ்ச்சியாக இருந்தே தீர வேண்டும் என்று குறி வைப்பதும் பலன் தருவதில்லை. ஐரிஸ் மாஸ் குழு 2011-இல் காட்டியபடி, மகிழ்ச்சிக்கு மிக அதிக முக்கியத்துவம் கொடுக்கத் தூண்டப்பட்டவர்கள், இனிமையான நேரத்தில்கூட ‘இன்னும் சந்தோஷமாக இருக்க வேண்டுமே’ என்று ஏமாந்துபோனார்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே இருந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால், அது இந்தக் கட்டுரைக்குள் அடங்கும் விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

எங்கே தொடங்குவது

ஒரு சின்ன நோட்டு போதும். வேலை முடிந்ததும் மூன்று வரி. என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, அதற்குச் சரியான பெயர் என்ன. உதாரணத்துக்கு: ‘மூன்று மணிக்கு அவசர வேலை என்று சொல்லி நான் செய்துகொண்டிருந்ததை நிறுத்தச் சொன்னார்கள். தோள்பட்டை இறுகியது. கோபம் இல்லை, முடிக்க முடியவில்லையே என்ற ஏமாற்றம்.’ நல்லதையும் எழுத வேண்டும்: ‘புதிதாக வந்த பையனுக்குக் கணக்கு சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். நேரம் போனதே தெரியவில்லை. பெருமிதம்.’ ‘டென்ஷன்’, ‘கடுப்பு’ இரண்டையும் எழுதக்கூடாது என்று மட்டும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் சொல் கிடைக்காமல் திண்டாடுவீர்கள், பரவாயில்லை.

இரண்டு வாரம் கழித்து மொத்தமாகப் படித்தால் திரும்பத் திரும்ப வரும் ஒன்று கண்ணில் படும். எட்டு முறை ‘முடிக்க முடியவில்லை’ என்று இருந்தால், உங்கள் பிரச்சினை சம்பளத்திலும் இல்லை, மேலாளரின் குணத்திலும் இல்லை, துண்டு துண்டாகும் நேரத்தில் இருக்கிறது. அப்போது மேலாளரிடம் போய் ‘எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை’ என்று சொல்ல வேண்டியதில்லை, அதற்கு அவரால் ஒன்றும் செய்யவும் முடியாது. ‘தினமும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்னை வேறு வேலைக்குக் கூப்பிடாமல் இருக்க முடியுமா, இரண்டு வாரம் செய்து பார்க்கலாமா’ என்று கேட்கலாம். அதற்கு அவர் சரி என்றோ முடியாது என்றோ சொல்லியாக வேண்டும்.